நான்கு வாத்தியம் வாசிக்கும் பையன்: அபூர்வமான கலைஞன் என்று எதை வைத்துச் சொல்வது?

கண்டனூர் ஆச்சி:

வணக்கம். சொந்த ஊர் கண்டனூர், இருப்பது காரைக்குடியில். எனக்கு இசைப் பயிற்சி கிடையாது. கல்யாண வீட்டு மேளமும் ஆயா வீட்டு ரேடியோவும் கேட்டு வளர்ந்தவள். கேட்பதில் தவறு இருந்தால் திருத்துங்கள்.

என் மகனுக்கு 13 வயது. 6 வயதில் மிருதங்கம் தொடங்கினான். 9 வயதில் கீபோர்டு வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்தான், வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வருடமாக வயலினும் போகிறான். குரலும் நன்றாக இருக்கிறது, அதையும் ஒரு வாத்தியமாகச் சேர்த்தால் நான்கு. எதையும் நாங்கள் திணிக்கவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பன்னிரண்டு நிமிடத்தில் இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் செய்து காட்டினான். அந்த வீடியோ சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. எங்கே போனாலும் "அந்த நாலு வாத்தியப் பிள்ளையா?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

போன ஆவணியில் கானாடுகாத்தானில் ஆயா வீட்டில் ஒரு சாந்தி. அறுபது பூர்த்தி. சாயங்காலம் வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்க, இருபது வருடம் பாட்டு கற்ற என் சித்தி காம்போதி ராகத்தில் ஒரு தமிழ்க் கிருதி பாடினார். என் மகன் மிருதங்கம். அவன் கை பறந்தது. தாளத்தை முடித்துக் காட்டும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கைதட்டல். ஆனால் பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தில் சித்தி இரண்டு தடவை நின்று, மறுபடி எடுத்துப் பாடினார். தொண்டை கட்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மேளம் வாசிக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் முகப்பில் தூணோரம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாகசுரக்காரர். புறப்படும்போது என்னிடம் வந்து, "பிள்ளைக்குக் கை நல்லா ஓடுது ஆச்சி. பாட்டு இன்னும் அவன் காதுல விழல" என்றார். அவ்வளவுதான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வருத்தமாகவும் இருந்தது, அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்றும் பட்டது. மிருதங்க ஆசிரியர் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். கீபோர்டு சொல்லித் தருபவர் நிறுத்தாதீர்கள் என்கிறார். பாலமுரளிகிருஷ்ணா போன்றவர்கள் எத்தனையோ வாத்தியம் வாசித்தார்கள், அவர்களை உலகமே கொண்டாடியது. நிறைய வாத்தியம் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அப்படிப்பட்ட ஒருவருக்கும் நடுவே என்னதான் வித்தியாசம்? ஒரு தாயாக அதை நான் எப்படி அடையாளம் காண்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெக்கார்டிங் தம்பி, காரைக்குடி:

அக்கா, நான் ஊரிலேயே சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, கல்யாண வீடியோ பாட்டு, கட்சிப் பாட்டு எல்லாம் வரும். கீபோர்டு, கிட்டார், தபலா, புல்லாங்குழல் நானே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்வேன். ஆள் வைக்கப் பணம் இல்லாததால் கற்றுக்கொண்டவைதான் பாதி.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு முருகன் பாட்டுக்கு நான்கு வாத்தியமும் நானே வாசித்தேன். சுருதி சரி, தாளம் சரி. ஆனால் பாட்டு செத்துக் கிடந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். நான்கு வாத்தியமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடித்தன. எல்லாவற்றிலும் ஒரே ஆள் ஒரே மாதிரி பேசிக்கொண்டிருந்தான். புல்லாங்குழலுக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து மறுபடி பதிவு செய்தேன். நான் ஓடிய இடத்தில் அவர் சும்மா இருந்தார். பாட்டுக்கு உயிர் வந்தது.

இளையராஜாவை நினைத்துப் பாருங்கள். 1976இல் அன்னக்கிளிக்கு முன்பே இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், மற்றவர்களுடைய பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்தவர். ஆனால் அவர் பெருமை கிட்டாரில் இல்லை. ஒரு வயலின் கூட்டத்துக்கு எழுதும்போது, அந்த வயலின்காரரின் கைக்கு எது சுகமாக வரும், எந்த உயரத்தில் அது அழும், புல்லாங்குழல் எங்கே விலக வேண்டும் என்று தெரிந்து தாளில் எழுதிக் கொடுக்கிறார். தான் வாசிக்காத வாத்தியமாகவும் அவரால் யோசிக்க முடிகிறது. என் கணக்கில் அதுதான் அபூர்வம்.

தம்பியை எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள் அக்கா. 13 வயதுதானே.

தேவகோட்டை வீணை:

நான் தம்பி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. 26 வருடமாக வீணை சொல்லிக் கொடுக்கிறேன். பல வாத்தியம் தொட்ட பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். பெரும்பாலோர் எல்லாவற்றிலும் வர்ணம் என்ற பாடம் வரை வந்து நிற்கிறார்கள். வர்ணம் வரை வருவது சுலபம், பெற்றோருக்கும் அது போதும் போலத் தோன்றும். ஒரு வாத்தியத்தில் அதற்குமேல் கஷ்டம் தொடங்கும்போது அடுத்த வாத்தியத்துக்குப் போய்விட்டால், அங்கே மறுபடி தொடக்கத்தின் சுகம் கிடைக்கிறது. ஆச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆண்டு விழாக் கைதட்டல் அந்தச் சுகத்தை இன்னும் வளர்த்துவிடும்.

நம் ஊர்ப் பெயரையே இசை உலகில் நிறுத்தியவர்கள் காரைக்குடி சகோதரர்கள். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார், இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போல மடியில் கிடத்தி வாசிப்பார். இருவருக்கும் வாழ்க்கை முழுவதும் வீணைதான். 1936இல் அண்ணன் மறைந்தார். தம்பி தொடர்ந்து வாசித்தார், பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் சொல்லிக் கொடுத்தார், 1952இல் சங்கீத கலாநிதி ஆனார், 1958இல் காலமானார். அந்தப் பாணியில் ஒரு மீட்டு எங்கே விழ வேண்டும், தாளத் தந்தி எங்கே ஒலிக்க வேண்டும் என்பதற்கே வருடக்கணக்கில் சாதகம், அதாவது பயிற்சி, உண்டு. ஏழு தந்தி, விரல் வைக்கும் கட்டைகளாக இருபத்து நான்கு மெட்டு. அதுவே ஒரு ஆயுளுக்குப் போதும்.

எஸ். பாலசந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் கஞ்சிரா, தபலா, சிதார் என்று எத்தனையோ வாசித்தவர். படங்களில் நடித்தார், 1954இல் பாட்டே இல்லாத அந்த நாள் படத்தை இயக்கினார். வீணைக்குக் குரு கிடையாது, தானாகவே கற்றார். ஆனால் நாம் அவரை நினைப்பது எதற்காக? ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து, குரல் நகர்வது போல நாலைந்து சுவரம் வரவழைத்தாரே, அந்த வீணைக்காக. மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு அதில் இறங்கிய பிறகு வந்தது அது.

ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பெண் வீணையும் வேறிடத்தில் வயலினும் கற்றாள். முதல் வருடம் எனக்குப் பெரிய தலைவலி. வயலினில் விரல் தந்திமேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பழக்கத்தில் வீணையிலும் இழுக்க வேண்டிய இடத்தில் ஜாருவாகவே, அதாவது வழுக்கலாகவே, போய்க்கொண்டிருந்தாள். தோடி ராகத்தின் காந்தாரத்தை அப்படி வாசித்தால் என்ன ஆகும்? வயலினை நிறுத்து என்று சொல்லவிருந்தேன். ஆனால் மெதுவாக இன்னொன்று நடந்தது. வீணையில் மெட்டு இருக்கிறது, சுவரத்தின் இடத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். வயலினில் மெட்டு இல்லை, காதுதான் காட்ட வேண்டும். மூன்றாவது வருடம் அவள் வீணையில் தந்தியை இழுத்தால், சுவரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. என்னிடம் வீணை மட்டும் கற்ற யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் அது வரவில்லை.

ஆனாலும் என் கருத்து இதுதான்: பத்து வருடம் ஒன்று. மற்றது பிறகு.

தவில், பள்ளத்தூர்ப் பக்கம்:

ஆச்சி, வணக்கம். 41 வருடமாகத் தவில் வாசிக்கிறேன். அந்த நாகசுரக்காரர் சொன்னது சரிதான், ஆனால் விளக்காமல் போய்விட்டார். அவர் எதைக் குறித்துச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் தாய்மாமா நாகசுரம், தவில் இரண்டும் வாசித்தவர். பாடவும் செய்வார். இருபத்தைந்து வயதுவரை நாகசுரம்தான். ஒரு திருவிழாவில் கீழே விழுந்து முன்பற்கள் போய்விட்டன, ஊதும் நாக்கான சீவாளியைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் இருந்த தவிலை எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அவரைவிட வேகமான கை உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனாலும் பெரிய நாகசுரக்காரர்கள் முதலில் கேட்பது மாமாவைத்தான். "அவரு வர்றாரான்னு பாரு, இல்லைன்னாதான் வேற ஆள்" என்பார்கள். ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. வேகம்தான் திறமை என்று நினைத்த வயசு.

எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது ஒரு சுவாமி புறப்பாடு. புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்து, தெற்கு வீதி தாண்டி, மேல வீதி முனையில் சுவாமி நிற்கிறது. இரவு ஒரு மணிக்குமேல். அன்றைக்கு நாகசுரக்காரருக்குக் காய்ச்சல். ஆனால் மனிதர் ஒத்துக்கொண்ட வேலையை விடமாட்டார். கரகரப்ரியாவில் ஒரு பெரிய கீர்த்தனை எடுத்துவிட்டார். நான் இரண்டாவது தவில். அனுபல்லவியில் மேலே போகும்போது அவர் மூச்சு குறைகிறது. எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அடி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சின்னதாக ஒரு உருட்டுச் சொல்லை, அதாவது உருண்டோடும் தாள அடிகளை, கொண்டுவந்து போட்டார். சரியாக மூச்சு எடுக்கிற நேரத்துக்கு. மூச்சு வந்ததும் அந்தச் சொல் அப்படியே அடங்கிவிட்டது. அடுத்த அடியிலும் அப்படி. கேட்டவர்கள் அது கீர்த்தனையிலேயே இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நாலைந்து முறை அப்படி வாசித்தார். ஒரு தடவைகூடத் தன் கையைக் காட்டவில்லை.

வாசித்து முடித்ததும் நாகசுரக்காரர் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துவிட்டு மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது மாமாவிடம் கேட்டேன், அவருக்கு மூச்சு முட்டப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று. மாமா சொன்னார்: "அந்த இடத்துல எனக்கும் முட்டியிருக்குடா."

ஆச்சி, நீங்கள் கேட்ட வித்தியாசம் எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் இருக்கிறது. மாமாவுக்கு இரண்டு வாத்தியம் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் வாசித்தது தவில் ஒன்றுதான். அந்தத் தவிலுக்குள் அவருடைய பழைய நாகசுரம் இருந்து வேலை செய்தது. ஊதிய மூச்சின் ஞாபகம் அடிக்கிற கையில் இருந்தது. ஒரு கார்வை, அதாவது நீட்டி நிற்கும் சுவரம், பிடிக்க எவ்வளவு செலவாகும் என்று ஊதியவனுக்குத்தான் தெரியும்.

டி.என். ராஜரத்தினம் பிள்ளை முதலில் வாய்ப்பாட்டு கற்றவர். வாய்ப்பாட்டுக் கச்சேரியும் செய்திருக்கிறார். திமிரி நாகசுரம் உச்சச் சுருதியில் கூவும். அதை விட்டுவிட்டு நீளமான பாரி நாகசுரத்தைக் கொண்டுவந்தார். சுருதி இறங்கியது, குரல் போல நிதானமாக ராகத்தை விரிக்க இடம் கிடைத்தது. அவருடைய தோடியைக் கேட்டால் ஒரு பெரிய பாடகர் மூச்சுவிட்டுப் பாடுவது போலவே இருக்கும். பாடத் தெரியாதவருக்கு அந்த வாத்தியத்தை மாற்ற வேண்டும் என்றே தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். அவர் 1956இல் காலமானார். இன்றுவரை நாங்கள் அந்தப் பாரியைத்தான் கேட்கிறோம்.

பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் மாமூண்டியாப் பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரியவர். தேவகோட்டை அம்மா சொன்னார்களே, அந்தக் காரைக்குடி சகோதரர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர் அவர்தான். வீணை எவ்வளவு மெல்லிய நாதம்! அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசிப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்! அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கும் மிருதங்கம், கஞ்சிரா இரண்டும் உண்டு, இடது கைக்காரர். அவர் மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியில் கும்கி என்ற உருண்ட நாதம் கொடுத்தால் பாட்டுக்குக் கீழே தரை விரித்தது போல இருக்கும்.

இன்னொருவரைச் சொல்ல ஆசை. கே.வி. நாராயணசுவாமி. நம் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் சீடர். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரிடமும் பயின்றவர். அவ்வளவு லயம் தெரிந்தவர் மேடையில் கணக்கை அள்ளிக் கொட்டியிருக்கலாம். அவர் பாட்டைக் கேளுங்கள், தண்ணீர் ஓடுவது போல இருக்கும். தாளம் அவருக்குள் அவ்வளவு உறுதியாக இருந்ததால் அதைக் காட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. மிருதங்கம் அவர் பாட்டில் அமைதியாக வந்தது.

பாலமுரளிகிருஷ்ணாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயலின், வயோலா, மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் வாசித்தார், மகதி, லவங்கி என்று புது ராகமும் கொடுத்தார். இவை எல்லோருக்கும் தெரியும். நான் கவனித்தது வேறு. மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசித்தவர் அவர். அவர் குரல் மேலே போய் நிற்கிற இடங்களில் வயலின் வில் திரும்புவது போன்ற ஒரு திருப்பம் எனக்குக் கேட்கும். எத்தனை வாத்தியம் வாசித்தாலும் அத்தனையும் கடைசியில் அந்தக் குரலுக்குள் போய்ச் சேர்ந்தன.

சரி, உங்கள் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். கானாடுகாத்தான் வளவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே நிறைய வாசித்திருக்கிறேன். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் தூண், மேலே திறந்த வெளி. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் ஒரு சொல் விழுந்தால் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது. சரணத்தில் உங்கள் சித்தி நின்றாரே, தொண்டை கட்டியதால் இருக்காது. சாகித்யத்தில் வார்த்தைகள் நெருக்கமாக வருகிற இடம் அது. அங்கே பிள்ளை சொற்களை நிரப்பியிருப்பான். அவர் எழுத்தைப் போட இடமில்லாமல் நின்றிருப்பார். பிள்ளைக்குக் குரல் இருக்கிறது, பாடுவான் என்கிறீர்கள். அந்தப் பாட்டு அன்றைக்கு அவன் மிருதங்கத்துக்குள் வரவில்லை. வயலினும் வரவில்லை. நான்கும் நான்கு தனி அறையில் இருக்கின்றன, நடுவில் கதவு இல்லை. அந்தப் பெரியவர் சொன்னது அதுதான். அது குற்றம் இல்லை ஆச்சி, 13 வயதில் யாருக்கும் அந்தக் கதவு திறந்திருக்காது.

கண்டனூர் ஆச்சி:

ஐயா, இதைப் படித்துவிட்டுச் சித்திக்குப் போன் செய்தேன். ஆமாம் என்றார். "பிள்ளை சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தான், அதைக் கெடுப்பானேன் என்றுதான் சொல்லவில்லை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? மிருதங்கம் ஒன்றுதான் என்று நிறுத்தட்டுமா? தேவகோட்டை அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

தவில், பள்ளத்தூர்ப் பக்கம்:

தேவகோட்டை அம்மா சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. ஒரு வாத்தியம் தாய்வீடாக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அது மிருதங்கம் என்று தெரிகிறது. அதில் சாதகம் ஒருநாளும் குறையக் கூடாது. ஆனால் மற்றவற்றை அடியோடு நிறுத்தினால், மாமாவுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்காமல் போய்விடும். அம்மாவின் வீணைப் பெண்ணுக்கும் வயலின்தானே காதைக் கொடுத்தது.

எனக்கு மாமா செய்ததைச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் தவிலைத் தொடவிடவில்லை. வாயால் தாளச் சொற்கட்டு, மரக்கட்டையில் கை. அப்புறம் தவில். ஒரு கீர்த்தனைக்கு வாசிக்க வேண்டுமென்றால், அதை வார்த்தையோடு அவருக்குப் பாடிக் காட்ட வேண்டும். எனக்குக் குரல் கிடையாது, ஆனாலும் பாட வேண்டும். எந்த எழுத்து தாளத்தின் எந்த அட்சரத்தில் விழுகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தக் கீர்த்தனைக்கு அன்றைக்குத் தவில் இல்லை, தாளம் மட்டும்தான். உங்கள் பிள்ளைக்குக் குரலும் இருப்பதால் இது அவனுக்கு விளையாட்டு மாதிரி.

சித்தி அதே காம்போதியை மறுபடி பாடட்டும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கையால் தாளம் மட்டும் போடட்டும். இரண்டாம் முறை அவனும் கூடப் பாடட்டும். மூன்றாம் முறை மிருதங்கம், தீர்மானம் கிடையாது. நாலாம் முறை அவன் வயலினில் பல்லவியை மட்டும் வாசிக்க, வேறு யாராவது மிருதங்கம் வாசிக்கட்டும். யாராவது தன்மேல் ஏறி வாசித்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவரும். அதை நாம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆண்டு விழாவில் நான்கையும் மாற்றி மாற்றி வாசிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினால் போதும்.

ரெக்கார்டிங் தம்பி, காரைக்குடி:

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். அந்த முருகன் பாட்டில் எனக்கு நடந்தது என்ன என்று இப்போதுதான் விளங்குகிறது. குன்னக்குடி வைத்தியநாதனும் வலையப்பட்டி சுப்பிரமணியமும் வயலினும் தவிலுமாகச் சேர்ந்து வாசித்த பதிவுகளைத் தம்பிக்குப் போட்டுக் காட்டலாமா? வயலின் மெல்லியது, தவில் இடி மாதிரி. இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று எனக்கு எப்போதும் வியப்பு.

தவில், பள்ளத்தூர்ப் பக்கம்:

நிச்சயம் காட்டுங்கள் தம்பி. எங்கள் வாத்தியத்தை வயலினுக்குப் பக்கத்தில் சரிசமமாக உட்கார வைத்தவர் குன்னக்குடியார். அவர் நம் குன்றக்குடி மண்ணில் 1935இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே அரியக்குடிக்கு வயலின் வாசித்தவர், பிறகு எத்தனையோ படங்களுக்கு இசையமைத்தார். தவிலின் பலம் தெரிந்து அதற்குத் தனியாக இடம் விடுவார். வலையப்பட்டியார் வயலினுக்கு வாசிக்கும்போது கையை எவ்வளவு அடக்குகிறார், தனி ஆவர்த்தனம் வரும்போது எப்படித் திறக்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். தனியை மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும்.

தேவகோட்டை வீணை:

தவில் ஐயாவுக்கு வணக்கம். "பத்து வருடம் ஒன்று" என்று எழுதியதை யோசித்துப் பார்த்தேன். தாய்வீடு ஒன்று இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாடத் தெரிந்தவர்களைக்கூட நான் இத்தனை வருடமாக வகுப்பில் பாடச் சொன்னதில்லை, வீணையே பாடட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த வாரம் ஒரு வர்ணத்தை முதலில் வாயால் பாடச் சொல்லி, பிறகு வாசிக்கச் சொன்னேன். ஒரு பெண் இதுவரை மீட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஓரிடத்தில் தானாகவே மீட்டை விட்டுவிட்டு இழுத்தாள். அங்கே வார்த்தை பிரியக் கூடாது என்று பாடும்போது தெரிந்ததாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கண்டனூர் ஆச்சி:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். ஐயா சொன்னபடி சித்தி மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். முதல் ஞாயிறு தாளம் மட்டும் என்றதும் பிள்ளை முகம் தொங்கிவிட்டது. இரண்டாவது ஞாயிறு கூடப் பாடினான். மூன்றாவது ஞாயிறு அவன் வயலின் வாசிக்க, மிருதங்க வகுப்புத் தோழன் ஒருவன் வந்து மிருதங்கம் வாசித்தான். அந்தப் பையனுக்கும் கை பறந்தது. நடுவில் என் மகன் வில்லைத் தூக்கிவிட்டு, "டேய், கொஞ்சம் விடுடா, நான் எங்க இருக்கேன்னே தெரியல" என்றான். சொல்லிவிட்டுச் சித்தியைத் திரும்பிப் பார்த்தான். சித்தி ஒன்றும் பேசவில்லை.

நேற்று கார்த்திகை. குன்றக்குடி மலைக்குப் போயிருந்தோம். கீழே மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தரிசனத்துக்கு வரிசையில் நிற்கும்போது பிள்ளையைக் காணோம். தேடினால் தவிலுக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். அரை மணி நேரம் அசையவில்லை. வரும் வழியில் காரில் கேட்டான்: "ஆத்தா, அந்தத் தவில்காரர் சரணத்துல ஒரு இடத்துல வாசிக்காம கையைத் தூக்கி வச்சிருந்தாரே, ஒரு ஆவர்த்தம், ஒரு தாளச் சுற்று முழுசா. ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயா, ஏன் அப்படிச் செய்வார்கள்?

தவில், பள்ளத்தூர்ப் பக்கம்:

நான் அங்கே இல்லை ஆச்சி, கேட்காமல் சொல்ல முடியாது. நாகசுரக்காரர் ஏதாவது ஒரு சங்கதியைத் தனியாக நிறுத்திக் காட்டியிருக்கலாம். வார்த்தை கேட்க வேண்டிய இடமாக இருந்திருக்கலாம். பிள்ளையை அந்தத் தவில்காரரிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த கார்த்திகைக்கும் அவர்கள்தான் வருவார்கள். வாசிக்கும்போது வேண்டாம், முடித்த உடனேயும் வேண்டாம். தவிலை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரலிலிருந்து கூடு கழற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கேட்டால் நாங்கள் நன்றாகப் பேசுவோம்.